துணி பொய் சொல்லாது

ஒருத்தியைப் பொறாமைக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்கள் மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் தையற்காரியைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சொல்லட்டும். அவளுக்காவது பொறாமைப்பட வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்தார். எனக்கு அதுவும் கிடையாது. அவளுடைய பொறாமையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள், உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதல்லவா!

அவள் வீட்டு முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டி மெஷின், மெஷினை ஒட்டி இஸ்திரி மேஜை, கதவுக்குப் பின்னால் ஆணி ஆணியாக ஊரார் துணிகள். உட்கார வேண்டுமென்றால் யாருடைய கால்சட்டையையாவது மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், கத்தரிக்கோல் ஒரு கயிற்றில் இடுப்பில் ஆடும், வாயில் குண்டூசி இருக்கும். குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவாள், சண்டை போடுவாள், கொட்டாவிகூட விடுவாள். இன்றுவரை ஒன்றையும் விழுங்கியதில்லை. நான் செருப்புக் கடையில் வேலை முடித்து வந்ததும் அவள் வீட்டில்தான் டீ. இரண்டு பேரும் சேர்ந்து அவள் புருஷனைத் திட்டுவோம். எனக்குத் திட்டுவதற்குச் சொந்தமாக ஒருவர் இல்லாததால் அவளுடையதைக் கடன் வாங்கிக்கொள்வேன்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், பிள்ளைகளிடம் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் நாக்கு நீளம். சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகியும் இனிப்பைக் கண்டால் கண் பளபளக்கும். தையற்காரி கத்தாத நாளில்லை. அவர் "சரி சரி" என்பார். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதியவனுக்கு மூச்சுப் பயிற்சி ஆகும். இவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"அக்கா, சர்க்கரை டப்பாவைப் பட்டன் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சேன். மனுஷன் பட்டனையெல்லாம் தரையில கொட்டிட்டுச் சர்க்கரையை எடுத்திருக்கார். எனக்கு இருந்த வேலையில பட்டன் பொறுக்கற வேலை வேற!"

"டப்பாவையே வீட்டுல வைக்காதேயேன்."

"அப்புறம் நான் டீ எப்படிக் குடிக்கிறது?"

அதுவும் நியாயம்தான். அவளுக்குச் சர்க்கரை வியாதி இல்லையே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் குழு ஆரம்பித்தார்கள். எனக்கும் இந்த வியாதி உண்டு. ஊரார் காலுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டவளுக்குத் தன் குதிகாலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. அதைக் காட்டப் போனபோது நர்ஸ் என் பெயரையும் எழுதிக்கொண்டாள். டாக்டர் சொன்னால் ஆஸ்பத்திரி வாசலோடு மறந்துவிடுகிறோமாம். வீட்டார் சொன்னால் எரிச்சல் வருகிறதாம். அதனால் நோயாளிக்கு நோயாளியே சொல்லட்டும் என்று ஏற்பாடு. வேன்காரரும் வந்தார். பின்பக்க அறையில், கை உடைந்த நாற்காலிகளையும் ஓடாத மின்விசிறியையும் ஒதுக்கிவிட்டு, வாரம் ஒரு நாள் வட்டமாக உட்காருவோம்.

குழுவுக்குத் தலைவி யார் தெரியுமா? பேக்கரியில் கல்லாவில் நிற்கும் அம்மா! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று நான்கூட நினைத்தேன். ஆனால் அந்தம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை கேக்குக்கும் பன்னுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு துணுக்கைக்கூட நாக்கில் வைக்க மாட்டாள். முதல் கூட்டத்திலேயே செருப்பைக் கழற்றி, இடது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். ஒரு விரல் இல்லை.

"இதுதான் என் சர்டிபிகேட். நீங்க இப்படி வாங்க வேண்டாம்னுதான் வந்திருக்கேன்" என்றாள்.

வேன்காரர் தன் செருப்புக்குள் விரல்களை எண்ணுவதுபோல அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

குழுவில் இரண்டு விதிகள். ஒன்று, எல்லோருக்கும் ஒரு துணை. சாப்பிட உட்காரும் முன் துணைக்குப் போன் செய்து தட்டில் என்ன இருக்கிறது, மாத்திரை போட்டாயிற்றா என்று சொல்ல வேண்டும். மறைத்தால் வாரக் கூட்டத்தில் மானம் போகும். மற்றது துணி. அந்த அறையில் இருந்த எடை மெஷினுக்கு முள் நொண்டி. நீங்கள் ஏறினாலும் ஒன்றுதான், நர்ஸ் ஏறினாலும் ஒன்றுதான்.

"மெஷின் பொய் சொல்லும். துணி பொய் சொல்லாது" என்பாள் பேக்கரிக்காரம்மா. "இடுப்புல ஒரு விரல் நுழைஞ்சா சந்தோஷப்படுங்க. ரெண்டு விரல் நுழைஞ்சா டாக்டர்கிட்ட ஓடுங்க. உடம்பு இறங்கினா மாத்திரையும் இறங்கணும். பழைய உடம்புக்குக் குடுத்த மாத்திரையைப் புது உடம்பு தாங்காது. சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கி ஆளையே சாய்ச்சிடும். நான் ஒருதரம் கல்லாவுக்குக் கீழேயே விழுந்து கிடந்தேன்."

அதனால் ஒவ்வொரு கூட்டமும் "துணி எப்படி?" என்ற கேள்வியோடுதான் தொடங்கும். நரைத்த தலைகள் எல்லாம் இடுப்பில் விரலை நுழைத்துப் பார்க்கும். வெளியாள் எட்டிப் பார்த்தால் என்ன கூட்டமென்று நினைப்பாரோ!

வேன் நிற்கும் இடம் பேக்கரிக்கு எதிரில் என்பதால் வேன்காரருக்குத் துணையாக அமைந்தது பேக்கரிக்காரம்மாவேதான். வந்தது வினை.

"அக்கா, நான் வேகவச்சு, நான் தாளிச்சு, நான் தட்டுல போட்டுக் கொண்டுபோய் வைக்கிறேன். இவர் கையை வைக்காம போனை எடுக்கறார். 'மேடம், ஒரு கரண்டி சோறு, ரெண்டு கரண்டி காய், ஒரு முட்டை'ன்னு ஒப்பிக்கிறார். அவ அந்தப் பக்கம் என்னமோ சொல்றா. உடனே பாதிச் சோத்தைத் திரும்பச் சட்டியில கொட்டறார். என் சோத்தை! என் கண்ணு முன்னாடியே!"

"நீயும் அதைத்தானே இத்தனை வருஷமா சொன்னே?"

"அதைத்தான் கேக்கறேன்! நான் சொன்னப்போ இந்தக் காது எங்க போச்சு? அடகு வச்சிருந்தாரா?" மெஷின் சக்கரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அதுலயும் மேடமாம், மேடம்! தங்கச்சின்னு கூப்பிட்டாக்கூட மனசு ஆறும். என்னை இத்தனை வருஷத்துல 'ஏய்'யைத் தவிர ஒரு வார்த்தை கூப்பிட்டிருப்பாரா? அவ இவரை 'சார்'ங்கறா. வேன் ஓட்டறவருக்குச் சார்!"

"நானும் அந்தக் குழுவுலதான் இருக்கேன். அங்க ஒண்ணும் இல்லை. அந்தம்மாவுக்குப் பேரப்பிள்ளை இருக்கு."

"ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போடலாம். ஒண்ணும் இல்லாமலே கேக்கறாரே, அதுதான் வயிறு எரியுது."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அன்று என் டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.

முதல் மாதம் முடியும்போது வேன்காரர் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காக்கிப் பேண்டின் இடுப்பில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "பாத்தியா? மேடம் சொன்னபடியே கேட்டேன், விரல் நுழையுது!" என்றார். அதோடு விட்டாரா? அதே விரலோடு படியிறங்கி, தெருவைக் கடந்து, பேக்கரிக்காரம்மாவிடம் போய்க் காட்டிவிட்டு வந்தார். தையற்காரி ஜன்னலில் நின்று பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் அந்தம்மா கை தட்டியது இங்கேயிருந்தே தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் செய்த காரியம் எனக்கு அப்போது தெரியாது. பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை பிடிபடாது. அவரிடம் இருந்தது இரண்டு காக்கிப் பேண்ட். துவைத்துக் காய்ந்து வந்த பேண்ட் இஸ்திரி மேஜைக்குப் போகும் முன் மெஷினுக்குப் போனது. இடுப்புப் பட்டியைப் பின்பக்கம் பிரித்து, அரை விரல் உள்ளே பிடித்து, அதே நிற நூலில் ஓட்டி, மேலே சூடாக இஸ்திரியை அழுத்தினாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவர் பேண்ட்டைப் போட்டு விரலை நுழைத்தார். விரல் நுழையவில்லை.

அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் இவளுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்ததாம். "அந்தம்மா பேச்சைக் கேட்டு என்னத்தைக் கண்டீங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர் சாக வேண்டுமென்றா செய்தாள்? இளைக்கட்டும், ஆனால் பேக்கரிக்காரம்மா சொல்லுக்கு இளைத்தோம் என்று அவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கணக்கு எங்கே இடித்தது என்றால், கூட்டத்தில் "துணி எப்படி?" என்று கேட்பது எதற்காக என்று தையற்காரிக்குத் தெரியாது. அவள் வருகிறவள் இல்லை. வீட்டில் அவர் சொன்னதெல்லாம் மேடம் இதைச் சொன்னார், மேடம் அதைச் சொன்னார் என்பதுதான். மேடம் என்ற வார்த்தை வந்ததுமே இவள் மெஷினை ஓட்டிவிடுவாள்.

அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அங்கேதான் மனுஷன் புத்தியைக் காட்டினார். இடுப்பு இறங்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைத்தார். அவர் குறைக்கக் குறைக்க இடுப்பு இளைத்தது. இடுப்பு இளைக்க இளைக்க இவள் பிடித்துக்கொண்டே போனாள். வீட்டில் கட்டுவது கைலி; கைலிக்கு ஏது அளவு? காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்க்கும் ரத்தம் நல்ல எண்ணாகத்தான் காட்டியது. குழுவில் அதற்குக் கைதட்டினோம். "துணி எப்படி சார்?" என்று கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "அப்படியேதான் இருக்கு மேடம். நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்" என்பார்.

ஒருநாள் படியில் பார்த்து நானே கேட்டேன். "என்ன, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு?"

"எங்கக்கா? இடுப்பு அசைய மாட்டேங்குதே" என்று பட்டியை இழுத்துக் காட்டினார். இறுக்கமாகத்தான் இருந்தது. துணி பொய் சொல்லாது என்று நானும் நம்பினவள்தானே!

அன்றைக்குச் சாயங்காலம் செருப்புக் கடையைவிட்டு வந்துகொண்டிருந்தேன். பள்ளி வேன் சாலையோரத்தில் கோணலாக, முன்சக்கரம் நடைபாதையில் ஏறி நின்றது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, பிள்ளைகள் எல்லோரையும் இறக்கிவிட்டாயிற்று. எதிரே பேக்கரி வாசலில் கூட்டம். விலக்கிக்கொண்டு போனால் மாவு மூட்டையில் சாய்ந்தபடி வேன்காரர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

நான் தையற்காரிக்குப் போன் செய்து, "உன் வீட்டுக்காரர் பேக்கரியில இருக்கார், உடனே ஓடி வா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், பின்னால் யாரோ கத்தியதில் போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தோன்றும் அந்த நேரத்தில்?

பேக்கரிக்காரம்மா சர்க்கரைத் தண்ணீர் டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"சக்கர வேண்டாம்... மேடம் திட்டுவாங்க" என்று குழறினார்.

"நான்தான் சார் மேடம்! நானே சொல்றேன், குடிங்க!"

"மேடம்கிட்ட... கேக்கணும்..."

நல்ல மாணவனுக்கு வந்த கேடு இது. சர்க்கரை தொடாதே என்று இத்தனை நாள் சொல்லிச் சொல்லி ஏற்றியது, இப்போது இறங்க மாட்டேன் என்று நின்றது. தண்ணீர் மோவாயில் வழிந்தது. அந்தம்மா டம்ளரை வைத்துவிட்டு, கேக்குக்குப் பூசும் கிரீம் இருந்த பாத்திரத்தை இழுத்தாள். விரலில் ஒரு கொத்து எடுத்து, அவர் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுத் தேய்த்தாள். ஒரு கையால் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையற்காரி உள்ளே வர வேண்டுமா! கழுத்தில் நாடா, இடுப்பில் கத்தரிக்கோல், வாயில் குண்டூசிகூட அப்படியே. அவள் கண்ணில் பட்டது என்ன? தன் புருஷன் இன்னொருத்தி தோளில் சாய்ந்திருக்கிறார், அந்த இன்னொருத்தியின் விரல் அவர் வாய்க்குள் இருக்கிறது, வாயெல்லாம் கிரீம்.

குண்டூசிகளைத் துப்பினாள். ஒரே வீச்சில் கிரீம் பாத்திரம் போய் அடுப்புக் கதவில் மோதியது.

"ஊருக்கெல்லாம் சக்கர சாப்பிடாதேன்னு உபதேசம், என் புருஷனுக்கு மட்டும் கேக் ஊட்டறியா நீ? அதுவும் கையால!"

பேக்கரிக்காரம்மா ஒரு நொடி அவளை முறைத்தாள். பிறகு டம்ளரை எடுத்து அவள் கையில் திணித்தாள். "சக்கர இறங்கிப் போச்சும்மா. இப்ப இனிப்புதான் மருந்து. உள்ள போகலைன்னா ஆள் போயிடுவாரு. என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறாரு. நீ குடு."

தையற்காரி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கண் எதையும் பார்க்காத கண் என்பது அவளுக்குத் தெரிந்தது. தரையில் மண்டியிட்டாள்.

"ஏங்க. ஏங்க, நான்தான். வாயைத் திறங்க."

பல் அசையவில்லை.

"என் கண்ணுல்ல, கொஞ்சம் குடிங்க."

இப்படி அவள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, யாரோ பேசுகிறார்கள் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். தலை அப்படியே ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. அவ்வளவுதான், தையற்காரிக்கு வந்ததே கோபம்!

"தொறய்யா வாயை!" அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "தொறக்கப் போறியா இல்லையா? வேலை கெடக்கு எனக்கு!"

அவர் வாயைத் திறந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திறந்தார். அவள் ஒரு மடக்கு ஊற்றினாள், திட்டினாள், அவர் விழுங்கினார். அடுத்த மடக்குக்கு மறுபடி திட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு ஊற்ற, வாய் பாட்டுக்கு வைதுகொண்டே டம்ளரைக் காலி செய்தாள். பேக்கரிக்காரம்மா அடுத்த டம்ளரைக் கலக்கிக்கொண்டே, "நிறுத்தாதே, இன்னும் திட்டு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை நடுக்கம் அடங்கியது. மூச்சு முட்டாமல் இருக்க இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிடச் சொன்னாள் பேக்கரிக்காரம்மா. தையற்காரி அசையவில்லை. நான்தான் குனிந்து, "தள்ளு" என்று சொல்லிக் கொக்கியை எடுத்தேன். பட்டி தடித்திருந்தது. பின்பக்கம் கையை விட்டால் துணி மேல் துணியாக மடிப்பு, ஒன்றின் மேல் ஒன்றாகத் தையல் வரிசை.

"இது என்ன?" என்றேன்.

பேக்கரிக்காரம்மாவும் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் "துணி எப்படி?" என்று கேட்டவளல்லவா, அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அடிப்பாவி" என்று மட்டும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு துணி தளர்ந்தால் மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்பதை, கோபப்படாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தையற்காரி தாங்கியிருப்பாள்.

கத்தரிக்கோலை எடுத்தாள். அவரை ஒருக்களித்துச் சாய்க்கச் சொல்லி, அங்கேயே, எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு தையலாகக் கறுக் கறுக்கென்று பிரித்தாள். மடிப்பு விரிய விரியப் பேண்ட் அகன்றுகொண்டே போனது. பிரித்து முடித்தபோது அவர் வயிற்றுக்கும் பட்டிக்கும் நடுவில் என் முஷ்டி நுழையும்.

அவருக்கு அப்போதுதான் பார்வை தெளிந்தது. குனிந்து இடுப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மேடம்! பாருங்க மேடம்!" என்றார்.

பிழைத்து வந்து பேசிய முதல் வார்த்தை! எனக்கே நாலு அறை விடலாம்போல இருந்தது.

"நான்தான் பிடிச்சேன்" என்றாள் தையற்காரி. "வாராவாரம் பிடிச்சேன். அவ சொன்னா இளைக்கிறீங்க, நான் சொன்னா கேக்கறதில்லையேன்னு பிடிச்சேன். அதுலதான் மாத்திரை ஜாஸ்தியாகிப் போச்சாம். இப்ப என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் வரவில்லை. தளர்ந்த பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ சொல்றதும் அதேதான். ஆனா உனக்கு இது இல்லையே. அவங்களுக்கு இருக்கே."

வியாதியைப் பார்த்துக்கூட ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அன்றைக்கு அவள் முகத்தில் கண்டேன்.

டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கொஞ்ச நாள் வண்டியைத் தொடக்கூடாது என்றார். அடுத்த கூட்டத்தில் பேக்கரிக்காரம்மா நர்ஸிடம், "எனக்கு வேற துணை குடுங்க சிஸ்டர்" என்றாள். "இவர் வீட்டுல மட்டுமா பிரச்சினை? என் மருமகளும் என்மேல காய்ஞ்சு கெடக்கா. 'நான் நடங்கன்னா கால் வலிக்குது, அந்த வேன்காரர் போன்ல சொன்னா மட்டும் வலிக்கலையா'ன்னு கேக்கறா. ரெண்டு வீட்டுச் சாபத்தை நான் எதுக்கு வாங்கிக்கணும்?"

நர்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீங்கதான் எதிர்வீடு, நீங்களே இருங்க" என்று என்னைக் காட்டினாள். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் போன் வந்தது. "அக்கா, ஒரு கரண்டி சோறு, காய், மீன் ஒரு துண்டு. மாத்திரை பாதிதான் போட்டேன்." பின்னால் ஒரு சட்டி டங்கென்று வைக்கப்பட்டது. எனக்குள் ஒரு குளுகுளுப்பு. இத்தனை வயதுக்கு மேல் என்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறு எரிகிறாளே! சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் தையற்காரி டீக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். படியில் பார்த்தால் நாடாவைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவர் மறக்காமல் திருப்பிக் கேட்பார்: "உங்க தட்டுல என்னக்கா?" தனி ஆளுக்கு என்ன தட்டு? இரண்டு ரொட்டி, ஒரு டீ. ஆனால் துணையிடம் அப்படிச் சொன்னால் மரியாதையா? "சோறு, கீரை, முட்டை" என்பேன். "சூப்பர்க்கா!" என்பார். ஒரு வேளைக்கு மீன்கூட வைத்துக்கொண்டேன், போனில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீம்பை விட்டுவிட்டு, கொக்கி வைத்த என் பாவாடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பிடித்துத் தைத்தால் தேவலை என்றேன். வேன்காரர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். தையற்காரி ஒன்றும் பேசாமல் எழுந்து நாடாவை என் இடுப்பில் சுற்றினாள். இறுக்கித்தான் சுற்றினாள், கோபம் இருக்காதா? பிறகு நாடாவைப் பார்த்தாள். இன்னொரு தடவை சுற்றினாள்.

"அவர்கிட்ட கீரை, முட்டை, மீனுன்னீங்களே" என்றாள். "எங்க போச்சு அதெல்லாம்?"

நான் யாருடைய கால்சட்டையையோ மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இதை நான் பிடிச்சுத் தர மாட்டேன்." பாவாடையைச் சுருட்டி என் மடியில் போட்டாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போங்க. நானும் வர்றேன். இனிமே தட்டுல என்னன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டாம், என்கிட்ட சொல்லுங்க. சொன்னா போதாது, எடுத்துட்டு வந்து காட்டுங்க."

"ஏன், அவர் கேட்டா ஆகாதா?" என்றேன்.

"ஆகாது" என்றாள், குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே. "எந்தப் பொம்பளை என்ன சொன்னாலும் அந்த மனுஷன் நம்பிடுவார். நான் நம்ப மாட்டேன்."